தயக்கமும் மறுப்பும்

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

‘சரி’ என்பது சிறிய சொல். சொல்வதற்கு எளிது, கேட்பவர் முகமும் உடனே மலர்ந்துவிடும். ‘மாட்டேன்’ என்பதும் சிறிய சொல்தான். ஆனால் அதைச் சொல்லும் பெண்ணை ‘அடங்காதவள்’ என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று தயங்குபவளையோ ‘அழுத்தக்காரி’ என்பார்கள். ஆகவே நம்மில் பலர் ‘சரி’யை மட்டுமே பழகி வைத்திருக்கிறோம்.

இவ்வாண்டு ஆங்கில வகுப்பில், ஒத்த பொருள் தரும் சொற்களைத் தொகுத்து எழுதி வரும்படி எங்கள் சிஸ்டர் பணித்தார்கள். எனக்கு வாய்த்தவை தயங்குதல், மறுத்தல், தடுத்தல் ஆகிய பொருளுடைய சொற்கள். நூலகத்தின் பெரிய அகராதியைப் புரட்டியபோது ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு படம் ஒளிந்திருக்கக் கண்டு வியந்தேன். அவற்றுள் சிலவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ‘ஹெசிடேட்’. ‘ஒட்டிக்கொள்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து இது பிறந்தது. ‘அட்ஹீர்’ என்னும் சொல் இதன் உடன்பிறப்பு. பேச்சு வராமல் நா திக்குவதையும் ரோமானியர் இச்சொல்லாலேயே குறித்தனர். சேற்றில் கால் சிக்கியவள் உடனே அடி எடுத்து வைக்க முடியுமா? தயங்குபவள் பிடிவாதக்காரி அல்லள். அவள் கால் எதிலோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதில் என்று கேட்பதல்லவா அறிவுடைமை!

‘பால்க்’ என்பது உழவர் தந்த சொல். பழைய ஆங்கிலத்தில், உழுசால்களுக்கு நடுவே உழாமல் விடப்படும் மேட்டுக்கு அப்பெயர். நம் ஊர் வரப்பைப் போன்றது. நாளடைவில், தாண்ட வேண்டிய வேலியின்முன் சட்டென்று நின்றுவிடும் குதிரையின் செயலும் அச்சொல்லையே பெற்றது.

‘ஸ்க்ரூப்பிள்’ என்பது மனச்சாட்சியின் தயக்கம். இதன் மூலச்சொல்லுக்குக் கூர்மையான சிறு கல் என்று பொருள். செருப்புக்குள் புகுந்த கல்லை எண்ணிப் பாருங்கள்! அளவில் சிறியது, ஆயினும் நடக்க விடாது. மருந்து நிறுப்பவர்கள் ஏறக்குறைய 1.3 கிராம் எடையுள்ள ஒரு சிறு நிறைக்கும் இப்பெயரையே வழங்கினர். நாமும் ‘மனச்சாட்சி உறுத்துகிறது’ என்றுதானே சொல்கிறோம்? கல்லும் உறுத்துகிறது, கண்ணில் விழுந்த தூசியும் உறுத்துகிறது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே வலியை ஒரே விதமாக உணர்ந்திருக்கின்றன!

‘லெட்’ என்பது மிகவும் வேடிக்கையான சொல். ‘விடு’ என்று மட்டுமே நாம் அதற்குப் பொருள் படித்திருக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருந்தன. ஒன்றுக்கு விடுதல் என்றும், மற்றொன்றுக்குத் தடுத்தல் என்றும் பொருள். காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவமாகிவிட்டன. தடுக்கும் ‘லெட்’ இன்றும் சாகவில்லை. என் சித்தப்பாவின் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். இதை வைத்திருப்பவரைத் தடையின்றிச் செல்ல விடுமாறு கேட்கும் முதல் வாக்கியத்தில் அது உட்கார்ந்திருக்கிறது! டென்னிஸ் ஆட்டத்தில் ‘சர்வ்’ செய்த பந்து வலையில் உரசிச் சென்று உரிய கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’ என்று கூவுவதும் இப்பழைய சொல்லின் எச்சமே என்பர்.

மறுப்பைக் குறிக்கும் ‘பாய்காட்’ ஒரு மனிதரின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமா? அயர்லாந்தின் மேயோ வட்டாரத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்தவர் சார்லஸ் பாய்காட். 1880-ஆம் ஆண்டு குத்தகையைக் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டனர். அவர்களை வெளியேற்ற முயன்றார் அவர். மக்கள் அவரை அடிக்கவில்லை. அவருக்காக உழைக்க மறுத்தனர். கடைக்காரர் பொருள் விற்க மறுத்தார். விளைந்ததை அறுவடை செய்ய ஏறக்குறைய ஐம்பது பேரை வெளியூரிலிருந்து வரவழைத்து, அவர்களுக்குக் காவலாக ஆயிரம் படைவீரர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவர் அயர்லாந்தை விட்டே வெளியேறினார். அவர் பெயரையே வினைச்சொல்லாக்கலாம் என்று கூறியவர் அவ்வூர்ப் பங்குத்தந்தை ஜான் ஓமாலி என்று பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் அச்சொல் கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தது. 1905-இல் வங்காளப் பிரிவினையை எதிர்த்து அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தபோது நம் முன்னோர் கையில் எடுத்த ஆயுதம் அதுதான்.

இறுதியாக ‘இம்பீட்’. இதற்குள் இருப்பது ‘கால்’ என்னும் லத்தீன் சொல். காலைக் கட்டுவது ‘இம்பீட்’. கட்டிய காலை அவிழ்த்துவிடுவது ‘எக்ஸ்பிடைட்’. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே சிரிப்பு நின்றும் போயிற்று. ஏனெனில் நம் ஊரில் ‘கால்கட்டு’ என்றால் திருமணம்.

என் பெரியப்பா மகள் நன்றாகப் படிப்பாள். நர்ஸிங் சேருவதற்கு விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். அப்போது ஒரு நல்ல வரன் வந்தது. பெரியவர்கள் அவளிடம் கேட்டார்கள். அக்கா தலை குனிந்து நின்றாள். “மௌனம் சம்மதம்!” என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். கோயிலில் மூன்று ஞாயிறுகள் ஓலை வாசிக்கப்பட்டது. தடை ஏதும் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று மும்முறை கேட்கப்பட்டது. அந்தத் தடைக்கு ஆங்கிலத்தில் ‘இம்பெடிமென்ட்’ என்று பெயர். அக்காவின் நாவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சொல்லை யாரும் தடையாக எண்ணவில்லை. இன்று அக்கா நலமாகத்தான் இருக்கிறாள். அந்த விண்ணப்பம் மட்டும் நிரப்பப்படாமல் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

அரையாண்டு விடுமுறையில் என்னைப் பற்றிய பேச்சு எழுந்தது. மேல்நிலைப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு தையல் கற்றால் போதாதா என்று அத்தை கேட்டார்கள். அனைவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கும் நா ஒட்டிக்கொண்டது. சற்று நேரம் கழித்து, “அத்தை, நான் யோசிக்க வேண்டும். நான் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்” என்றேன். அறை அமைதியாகிவிட்டது. பாட்டி மட்டும், “நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே” என்று முணுமுணுத்தார்கள். அப்பா, “யோசித்தே சொல்லட்டும்” என்றார்கள். முடிவு இன்னும் ஆகவில்லை. ஆனால் விண்ணப்பம் வாங்கினால் அதை நானே நிரப்புவேன்.

தோழியரே! தேர்த் திருவிழா பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை எது என்று தெரியும். வடம் பிடிப்போர் பலர் முன்னே இழுக்க, சக்கரத்தோடு கூடவே நடந்து கட்டையைப் போடுபவர் ஓரிருவரே. அவர்கள் தேரின் பகைவர்கள் அல்லர். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் திரும்ப வேண்டிய மூலையில் திரும்பாது. வீட்டுத் திண்ணையில் போய் மோதும். இழுப்பவர் கைகளைப் போலவே கட்டை போடுபவர் கையும் தேரை நிலைக்குக் கொண்டு சேர்க்கிறது.

கீழ்ப்படிதல் நல்ல பண்பு. அதை நம் பள்ளி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. தயங்க வேண்டிய இடத்தில் தயங்குவதும், மறுக்க வேண்டியதைப் பணிவோடு மறுப்பதும் அப்பண்புக்கு எதிரானவை அல்ல. ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரிந்தவள் சொல்லும் ‘சரி’க்குத்தான் மதிப்பு உண்டு!