சிவந்த நாக்கும் மாம்பழ ஐஸும்

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. ஆகவே இம்மாதம் வேத விளக்கம் எழுதுவதற்குப் பதிலாக, எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியத்தையும், அதனால் நாங்கள் கற்றுக்கொண்ட ஓர் எளிய கைவேலையையும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இது என் குறையைச் சொல்லும் சாட்சியாகையால், எழுதும்போது சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

2004-ஆம் ஆண்டு மே மாதம். அப்பொழுது நாங்கள் மும்பை தாராவியில், தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் குடியிருந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிட்ட மாடி அறையில் சபை கூடும். கீழறையில் எங்கள் வாசம். சந்தின் முனையில் மதியந்தோறும் பரஃப் கோலா வண்டி ஒன்று வந்து நிற்கும். பனிக்கட்டியைச் சீவி, குச்சியில் உருண்டையாகப் பிடித்து, அதன்மேல் சிவப்பும் பச்சையுமான பாகை ஊற்றிக் கொடுப்பார்கள். எட்டு வயதான எங்கள் இளைய மகன் நாள்தோறும் அதைக் கேட்பான். நானும் நாள்தோறும் மறுப்பேன்.

மறுத்ததற்குக் காரணம் இருந்தது. முந்தின கோடையில் எங்கள் சபைப் பிள்ளைகள் இருவர் மஞ்சள்காமாலையால் வாரக்கணக்கில் படுத்திருந்தார்கள். அசுத்தமான தண்ணீராலும் அதிலிருந்து செய்யப்படும் பனிக்கட்டியாலும் மஞ்சள்காமாலையும் டைபாய்டும் பரவக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆனால் இந்தக் காரணத்தை நான் ஒருநாளும் மகனை அருகில் உட்காரவைத்துச் சொன்னதில்லை. "ஊழியக்காரன் பிள்ளைக்கு நாக்கு ருசி ஆகாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகானைக் குறித்துப் பிரசங்கித்தேன். கர்த்தருக்கென்று பிரிக்கப்பட்டதை எடுத்துத் தன் கூடாரத்தில் ஒளித்துவைத்த அந்த மனிதனின் கதை யோசுவாவின் புத்தகம் ஏழாம் அதிகாரத்தில் உள்ளது. ஆராதனை முடிந்து மூப்பர்கள் காணிக்கையை எண்ணியபோது, ஞாயிறு பள்ளிப் பையில் மட்டும் ஏட்டில் எழுதியிருந்த தொகைக்கு ஐந்து ரூபாய் குறைந்தது. எண்ணியதில் தவறிருக்கும் என்று எல்லாரும் விட்டுவிட்டோம். அன்று மதியம் மகன் வீட்டுக்குள் நுழைந்தான். சாப்பிட வாயைத் திறந்தபோது நாக்கு செக்கச்செவேலென்று இருந்தது.

நான் அவனை அடித்தேன். பிள்ளையின் பாவத்தைக் கண்டு துக்கப்பட்டு அடித்தேன் என்று அப்பொழுது நினைத்துக்கொண்டேன். மூப்பர்களுக்கு முன்பாக எனக்கு வரப்போகிற அவமானத்தை நினைத்தே கை ஓங்கினேன் என்பதை இன்று அறிக்கையிடுகிறேன்.

அவன் அழுதபடியே உறங்கிய பின், என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அவன் செய்தது களவுதான், நான் மூடிமறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பத்து நாளாக அவன் கேட்டான், பத்து நாளும் நீங்கள் 'வேண்டாம்' என்றீர்கள். ஒருநாளாவது 'இதோ' என்று ஒன்றைக் கொடுத்தோமா?"

எனக்குப் பதில் இல்லை. மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் அப்பம் கேட்கிற மகனையும் மீன் கேட்கிற மகனையும் குறித்துப் பேசியது நினைவுக்கு வந்தது. அந்தத் தகப்பன் கல்லையும் பாம்பையும் கொடுப்பதில்லை. அதைக் கேட்டு, "நானும் என் பிள்ளைக்குத் தீமையானதைக் கொடுக்கவில்லையே" என்று திருப்தியடைந்திருந்தேன். அவன் வெறுங்கையையும் நீட்டுவதில்லை என்பதைப் பல ஆண்டுகள் பிரசங்கித்தும் நான் கவனித்திருக்கவில்லை.

அந்த வாரம் மகன் அதிகாலையில் எழுந்து, தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில் தாயோடு நின்று குடங்களை நிரப்பினான். அதற்குக் கூலியாக ஐந்து ரூபாய் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு நானும் அவனும் சேர்ந்து மூப்பர்களிடம் உண்மையைச் சொல்லி, அவன் கையாலேயே காணிக்கைப் பையில் போடவைத்தேன். அன்று மாலை என் மனைவி அவனுக்கு முதல் மாம்பழ ஐஸைச் செய்து கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பிய ஒரு சகோதரி விட்டுச்சென்ற ஒற்றைக் கதவுப் பழைய பிரிட்ஜ் எங்களிடம் இருந்தது. அச்சுகள் எதுவும் இல்லை. சிறிய எவர்சில்வர் டம்ளர்களே அச்சாயின. உலோகம் குளிரை விரைவில் கடத்துவதால் அவற்றில் சீக்கிரம் உறையும். கண்ணாடி டம்ளர் வேண்டாம், விரிசல் விடக்கூடும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெருகுவதால், விளிம்புவரை ஊற்றாமல் ஒரு விரற்கடை இடம் விடவேண்டும்.

மாம்பழ ஐஸ் செய்ய, நன்றாகக் கனிந்த இரண்டு பழங்களின் சதையை மிக்ஸியில் அரைத்து, காய்ச்சி ஆறிய பால் அரை கப், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். ஹாபூஸ் பழம்தான் வேண்டுமென்பதில்லை. விலை குறைந்த பாயரி பழமே போதும். மே மாதக் கடைசியில், மழைக்கு முன்பாக, ஹாபூஸும் விலை இறங்கும். அப்பொழுது வாங்கலாம். தர்பூசணியானால் விதை நீக்கி அரைத்து, அரை எலுமிச்சம்பழச் சாற்றைச் சேர்த்தால் போதும். கொங்கண நாட்டுக் கோக்கம் தோல் பத்துப் பன்னிரண்டை ஒரு கப் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, சர்க்கரையும் வறுத்த சீரகப் பொடியும் சேர்த்து, இன்னும் ஒரு கப் ஆறிய நீர் விட்டு உறையவைத்தால், கோலா வண்டியின் சிவப்புக்குச் சற்றும் குறையாத நிறம் தானாகவே வரும். நம் ஊர் நுங்கு இங்கே 'தாட்கோலா' என்ற பெயரில் கிடைக்கிறது. அதை மசித்து இளநீரில் கலந்து உறையவைத்துக் கொடுங்கள். பனைமரத்தைப் பார்த்திராத நம் பிள்ளைகள், தாத்தா பாட்டி ஊரின் ருசியை அறிந்துகொள்வார்கள்.

சில காரியங்களைக் கவனித்துச் செய்யவேண்டும். குளிரில் நாக்கு மரத்துப்போவதால் இனிப்பு குறைவாகத் தெரியும். ஆகையால் கலவை குடிக்கும் பானத்தைவிடச் சற்று இனிப்பாக இருக்கட்டும். ஆனால் சர்க்கரை மிகுந்துபோனால் உறைவது கடினம். ஒரு மணி நேரம் கழித்து, பாதி உறைந்தபின் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும். இரவில் வைத்தால் காலையில் ஆயத்தமாயிருக்கும். டம்ளரின் வெளிப்புறத்தைச் சில விநாடிகள் தண்ணீரில் பிடித்தால் ஐஸ் கழன்று வரும். உருகிப்போனதை மறுபடியும் உறையவைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கலந்து கொடுக்கக் கூடாது. சிறுபிள்ளைகளுக்கு உறைந்த முழுப் பழத் துண்டுகளும் வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர். குளிர் கிருமிகளை உறங்கவைக்குமேயன்றி எல்லாவற்றையும் கொல்லாது. ஆகவே எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆற்றியே சேருங்கள். டம்ளரையும் குச்சியையும் வெந்நீரில் கழுவுங்கள். 2018-ஆம் ஆண்டில், உண்பதற்கு உதவாத பனிக்கட்டியை அடையாளம் காணும்படி அதற்கு நீல நிறம் சேர்க்கவேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. மீனையும் மருந்தையும் குளிரவைக்கும் பனிக்கட்டி பானங்களில் கலந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். 2024-இல் ரோடமின் பி என்னும் சாயம் கலந்திருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்கே தடை வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே நிறத்தைக் கண்டு பிள்ளைகள் மயங்கும்போது பெற்றோர் எச்சரிக்கையாயிருப்பது நல்லது. வண்டிக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று சொல்ல வரவில்லை; அவர்களும் பிள்ளைகளைப் பிழைக்கவைக்க வெயிலில் நிற்கிறவர்களே.

பிரியமானவர்களே, பிழைப்புக்காகப் பெருநகரத்துக்கு வந்த நமக்கு நேரம் குறைவு, இடமும் குறைவு. அதனால் பிள்ளைகளிடம் 'வேண்டாம்' என்பது எளிதாகிவிடுகிறது. தொலைக்காட்சி வேண்டாம், செல்போன் வேண்டாம், அந்தச் சிநேகிதர் வேண்டாம். இவற்றில் பல நியாயமானவையே. ஆனால் மூடிய ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் நாம் திறந்துவைத்த கதவு ஒன்று உண்டா? பரிசுத்தத்தைக் கற்பிக்கிற நாம், பரலோகப் பிதா நன்மையானவற்றைக் கொடுக்கிறவர் என்பதையும் நம் கைகளால் காண்பிக்கவேண்டாமா? விலக்குதலை மாத்திரம் கண்டு வளரும் பிள்ளை, தேவனையும் விலக்குகிறவராகவே எண்ணிக்கொள்ளும்.

அந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளியில் கடைசி நாளன்று பிள்ளைகளுக்குப் பழ ஐஸ் கொடுப்பது வழக்கமாயிற்று. பிரிட்ஜ் உள்ள வீடுகளில் டம்ளர்களைப் பகிர்ந்து வைப்பார்கள். சந்தில் விளையாடும் மற்ற பிள்ளைகளும் வருவார்கள். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. சிறியவர்களில் ஒருவருக்குக் கொடுக்கப்படும் குளிர்ந்த நீரையும் ஆண்டவர் மறப்பதில்லையே.

அந்த மகன் இப்பொழுது புனே நகரத்தில் தன் குடும்பத்தோடு வாழ்கிறான். சென்ற கோடையில் நாங்கள் போயிருந்தபோது, நான்கு வயதுப் பேத்தி மாம்பழ ஐஸைச் சுவைத்துக்கொண்டிருந்தாள். "தாத்தாவுக்கு நாக்கைக் காட்டு" என்றான் மகன். அவள் காட்டினாள், மஞ்சளாயிருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அடித்த அடியை அவன் மறக்கவில்லை என்பதும், மன்னித்துவிட்டான் என்பதும் அந்தச் சிரிப்பில் தெரிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்று இரவே இரண்டு டம்ளர்களைக் கழுவி வையுங்கள். கர்த்தர் உங்கள் பிள்ளைகளையும் உங்கள் இல்லத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.