பந்தி ஒன்று, பாத்திரம் இரண்டு

சிங்கப்பூருக்குப் போகும் தமிழ்ப் பிரயாணிகளில் அநேகர் சிராங்கூன் சாலையைத் தாண்டுவதில்லை. வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு, வாழையிலையில் சாப்பாடு, பூக்கடை வாசலில் ஒரு முழம் மல்லிகை, நகைக் கடைகளில் ஒரு விலை விசாரிப்பு என்று பொழுது கழிந்துவிடுகிறது. ஊரைவிட்டு வந்த உணர்ச்சியே உண்டாவதில்லை. அதைக் குறை சொல்ல நான் யார்? 1947-ல் தொடங்கிய கோமள விலாஸில் நெய்த் தோசையை முடித்துக்கொண்டுதான் நானும் காலாறப் புறப்பட்டேன். ஆனால் அந்தப் பகுதியான தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் வாட்டர்லூ தெரு வருகிறது. அங்கே குவான் இம் ஆலயத்தில் கருணைத் தெய்வத்திற்கு ஊதுபத்தி ஏற்றிய சீன மூதாட்டி ஒருத்தி, மீதிப் பத்திகளோடு அடுத்தாற்போலிருக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் வாசலுக்கு வந்து, அதே சிரத்தையோடு கண்ணனையும் கும்பிட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு பக்கத்திலுள்ள ஆல்பர்ட் சென்டரை நோக்கிப் பசியாறப் போவதைக் கண்டபோது, அவள் பின்னாலேயே போய்விடுவதென்று நானும் தீர்மானித்துவிட்டேன்.

ஆல்பர்ட் சென்டர், சந்தையும் உணவங்காடியும் சேர்ந்தமைந்த கட்டடம். தீவெங்கும் இருக்கும் இத்தகைய நிலையங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தள்ளுவண்டியிலும் தோளில் தூக்கிய காவடியிலும் வைத்துத் தெருவோரம் உணவு விற்றவர்களை அரசாங்கம் 1968-69-ல் கணக்கெடுத்துப் பதிவு செய்தபோது அவர்கள் ஏறத்தாழ 18,000 பேர்; குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள நிலையங்களை 1971 முதல் 1986 வரை வரிசையாகக் கட்டி, அவர்களை அங்கே குடியேற்றினார்கள். தெருவின் புழுதி போயிற்று, ருசி போகவில்லை என்பது என் அபிப்பிராயம். 2020-ல் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுட குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தபோது அவர்களும் என் கட்சிக்கு வந்துவிட்டார்கள்.

மூதாட்டி பான் மியான் என்னும் நூடுல்ஸ் விற்கும் ஒரு கடை வரிசையில் நின்றாள், நானும் நின்றேன். சாம்பல்காரம் சேர்த்துப் பிசைந்த மஞ்சள் மீ, அரிசி மாவில் பிழிந்த மீஹூன், அதே அரிசியில் பட்டையாக வரும் குவே தியாவ் என்று இந்த வம்சாவளியைப் படித்து முடிப்பதற்குள் விசா முடிந்துவிடும். பான் மியானுக்குக் கோதுமை மாவு. கடைக்காரர் மாவுருண்டையை உருளை இயந்திரத்தில் கொடுத்து நாடா நாடாவாக வாங்குகிறார். விரும்பிக் கேட்பவர்க்குக் கையாலேயே பிய்த்துக் கொதிநீரில் எறிகிறார், அதற்கு மீ ஹூன் குவே என்று பெயர். அந்தச் சாற்றுக்கு ஆதாரம் என்ன என்று எட்டிப் பார்த்தால், நம் நெத்திலிக் கருவாடு! மேலே தூவுவதும் பொரித்த நெத்திலிதான். உள்ளே போடும் கீரை, நம்மூரில் வேலியோரம் வளர்க்கிற தவசிக்கீரை. இத்தனை பந்துக்களை அங்கே சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பன்றி இறைச்சியை விலக்கி மீன் துண்டுகள் போடச் சொன்னேன். நெத்திலியோடு வேறு எந்த எலும்பு அந்த அண்டாவில் கொதிக்கிறது என்று விசாரிக்கவில்லை. பசி வேளையில் விசாரணை கூடாது.

கிண்ணம் வந்தது. குழம்பில் பழகிய நாக்குக்கு முதல் கரண்டி ஏமாற்றமே. மல்லியில்லை, சீரகமில்லை, புளியில்லை. வெறும் உப்பும் கடலும். ஆனால் அரைக் கிண்ணம் போவதற்குள், ஒவ்வொரு பண்டமும் தன் ருசியைப் பக்கத்திலிருப்பதிடம் பறிகொடுக்காமல் தனித்து நிற்பது புலனாகிறது: மாவு மாவாகவே இருக்கிறது, கீரை கீரையாகவே இருக்கிறது, உடைத்து ஊற்றிய முட்டை மட்டும் சற்றே கரைந்து சாற்றை வெண்மையாக்குகிறது. காரம் வேண்டுமானால் சிறு தட்டில் சோயா நீரில் மிதக்கும் சில்லி பாடி என்னும் மிளகாய் இருக்கிறது. அதைக் கடித்தவருக்கு மேலே சுழலும் விசிறி போதாது.

உட்கார இடம் கிடைப்பதுதான் சிரமம். காலியாக இருக்கும் மேஜையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது ஆள் இருக்கும் இடம் என்று அர்த்தம். பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற நம் சாதுரியத்துக்குச் சற்றும் குறையாத இந்த ஏற்பாட்டை யாரும் மீறுவதில்லை. நான் மூதாட்டியின் எதிரே உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு மலாய்க்காரர் தன் ரொட்டிப் பரோட்டாவோடு வந்து அமர்ந்தார். யாரும் யாரையும் எந்த ஊர் என்ன குலம் என்று கேட்கவில்லை.

இது பெரிய விஷயமா என்று கேட்கலாம். யார் பக்கத்தில் உட்கார்ந்து உண்பது என்பதற்காகவே ஒரு யுகம் போராடிய தேசத்திலிருந்து வந்தவனுக்கு இது பெரிய விஷயந்தான். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்த விவகாரம் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே கலக்கிற்று. 1957-ல், திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். பந்தியைப் பிரிப்பதுதான் ஆசாரம் என்று நாம் நெடுங்காலம் நினைத்தோம்.

சிங்கப்பூரில் ஆசாரமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் உண்டவர் தம் எச்சில் தட்டைத் தாமே எடுத்துப்போய் வைக்கவேண்டும்; தவறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். அப்படி வைக்கப் போன இடத்தில், ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கும் மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கும் இருந்தன. மலாய்க்காரர் தம் தட்டை அங்கே வைத்தார், நான் இங்கே வைத்தேன். கழுவும்போதுகூட அவை சந்திக்க மாட்டா. ஆனால் கால் மணி நேரமாக நாங்கள் முழங்கை இடிக்க ஒரே மேஜையில் உண்டிருக்கிறோம். மனிதரைச் சேர்த்து வைத்துப் பாத்திரத்தைப் பிரிக்கும் இந்தத் தந்திரம் நம் பெரியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். எச்சில் இலையை எடுப்பதற்கென்றே ஒரு கூட்டத்தை ஒதுக்கிவைத்த வழக்கமும், ‘அவரவர் தட்டை அவரவர் எடுங்கள்’ என்ற ஒரே சட்டத்தில் அடிபட்டுப் போகிறது.

இந்தச் சிந்தனையோடு, அன்றிரவு சிங்கப்பூர் நண்பர் ஒருவர் அழைப்பின்பேரில் லியாங் சியா தெருவில் ஸ்டீம்போட் உண்ணப் போனேன். மேஜை நடுவே கொதிக்கும் சாறு. சுற்றிலும் பச்சையாக மீன், கோழி, காளான், டோஃபு, கீரை. அவரவர் வேண்டியதை அதில் போட்டு வேகவைத்து எடுத்து உண்பது. சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பமே இதைச் சூழ்ந்து உட்காருவது வழக்கம். வாயில் வைத்த குச்சியையே மறுபடி அந்தப் பொதுப் பாத்திரத்தில் விடுவார்களோ என்று என் பாட்டி எனக்குள்ளிருந்து விழித்துக்கொண்டாள். நண்பர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணே, எடுக்கறதுக்குத் தனி நீளக் குச்சி இருக்கு, சல்லடைக் கரண்டியும் இருக்கு. அதுக்கு மேல நெருப்பு இருக்கு. அக்கினிக்குத் தோஷம் ஏது?”

அவர் மனைவி சைவம். ஆகவே பாத்திரம் நடுவில் தகடு வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தது: ஒரு பாதியில் காளான் சாறு, மறு பாதியில் மாலா என்னும் செந்நிறச் சாறு. இங்கும் பாத்திரந்தான் பிரிந்ததே தவிர, நாங்கள் பிரியவில்லை. மாலாவின் காரத்துக்கு மிளகாய் மட்டும் காரணமன்று. சிச்சுவான் மிளகு என்றொரு காய்த்தோல், கறிவேப்பிலையும் எலுமிச்சையும் பிறந்த அதே தாவரக் குடும்பத்தில் பிறந்தது, முதலில் நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. கொங்கணத்தார் மீன் குழம்பிலிடும் திர்ஃபல் அதன் பங்காளி. மரத்த நாக்கின்மேல் மிளகாய் ஏறும்போது எரிச்சல் தூரத்து இடிபோலக் கேட்கிறதே ஒழிய வலிப்பதில்லை. வலி பிறகு வருகிறது.

உடன் வந்திருந்த சீன நண்பர் நூடுல்ஸ் கட்டைப் பிரிக்க நான் கை நீட்டியபோதெல்லாம் தடுத்துவிட்டார். எல்லாப் பண்டமும் வெந்து, தன் சாரத்தை இறக்கிவிட்ட பிறகுதான், கடைசியில், மீ போடவேண்டுமாம். முதலிலேயே போட்டு வயிற்றை நிரப்புகிறவன் நல்ல சாற்றை அடுத்தவனுக்குத் தானம் செய்கிறான் என்பது அவர் கட்சி. நேரம் வந்ததும் ஒரே கட்டைச் சரிபாதியாக முறித்து, இரு பக்கமும் இட்டார். வெள்ளைச் சாற்றில் வெந்ததை நண்பரின் மனைவி நிதானமாக ரசித்து உண்டார். சிவப்பில் வெந்ததை நான் முடிப்பதற்குள் பார்லித் தண்ணீர் கொண்டுவரும் பையன் மூன்று நடை நடந்துவிட்டான்.