கத்தி இழுக்கிறதா? கல்லைப் பாருங்கள்!

ஒரு மணி நேரம் கல்லில் தேய்த்தும் சவரக் கத்தி முடியைப் பிடித்து இழுக்கிறதா? கத்தியைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கல்லிலோ கையிலோதான் இருக்கும்.

அருப்புக்கோட்டையில் சலூன் வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் இப்போது பாதி பிளேடு மாட்டும் கத்திதான். 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் வந்த விழிப்புணர்வில், ‘ஆளுக்கொரு புது பிளேடு’ பழக்கமானது. நல்ல மாற்றம்தான். ஆனால், தீட்டும் வேலை கைவிட்டுப் போனது. இன்று ஆசைக்குப் பழைய மாதிரிக் கத்தியை ஆன்லைனில் வாங்கும் இளைஞர்கள், தீட்டத் தெரியாமல் தவிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்க அய்யா சொல்லித் தந்தது. திருச்சுழிப் பக்கம் ஊர் ஊராக நடந்து சவரம் செய்தவர். கூலி காசாக வராது. அறுப்பு முடிந்ததும் களத்தில் கம்போ சோளமோ அளப்பார்கள். மானாவாரி பூமி. மழை பொய்த்தால் அதுவும் கிடையாது. கன்னத்தில் கீறல் விழுந்தால் களத்தில் அளவு குறையும். அதனால் கத்தியின் கூர்தான் எங்கள் வீட்டுச் சோறு.

கத்தியின் இரு முனையும் வெட்டுகிறது, நடு வெட்டவில்லையா? கல் நடுவில் குழிந்திருக்கிறது. கல் முழுக்கப் பென்சிலால் கட்டம் போடுங்கள். தண்ணீர் விட்டு, சமமான சொரசொரப்புக் கல்லில் கோடெல்லாம் அழியும்வரை தேயுங்கள்.

அடுத்தது, கத்தியின் முதுகைத் தூக்குவது. அரிவாள் தீட்டிப் பழகிய கை அப்படித்தான் செய்யும். சவரக் கத்திக்கு முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிய வேண்டும். சந்தேகமா? வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, இரண்டு இழுப்பு இழுங்கள். மை அழியாத இடத்தில் கல் படவில்லை.

மூன்றாவது, அழுத்தம். அழுத்தித் தேய்த்தால் வாயில் மெல்லிய பிசிறு நிற்கும். தொட்டால் கூர்போலத் தோன்றும். தாடையில் வைத்தால் எரியும். கடைசி இழுப்புகளைக் கத்தியின் கனத்துக்கே விட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

கடைசியாகத் தோல் வார். கல்லில் வாய் முன்னால் போக வேண்டும்; தோலில் முதுகு முன்னால் போக வேண்டும். வார் தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். ஆடிக் காற்றில் கரிசல் புழுதி பறக்கும்போது, அய்யா உள்ளங்கையால் வாரைத் துடைக்காமல் கத்தியை வைக்கவே மாட்டார். ஒரு மணல் போதும், கூரைக் கெடுக்க. வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுவார். இன்னொன்று, உங்கள் கத்தி உங்களுக்கு மட்டும். நண்பருக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமணர், 1896-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த அன்றே அய்யங்குளக் கரையில் தலையை மழித்துக்கொண்டார். எங்கள் பக்கம் பலரும் சொல்லும் கதை. அய்யா மட்டும் கேட்பார்: “அந்தக் கத்தியத் தீட்டுனவன் பேர யாராச்சும் எழுதி வச்சாங்களாடா?”

கத்தி தீட்ட என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு, கல்லை நனைப்பதற்கு முன்னால் அய்யாவின் பேரைச் சொல்லிவிடுகிறேன்.