ஏழு எண்ணுவதற்குள்

உப்பில் போட்ட மாங்காய் வருஷக் கணக்கில் கெடாமல் இருக்கிறது. உப்பு நீரில் மட்டும் பாசி எப்படிப் பிடிக்கும்? மகாபலிபுரம் சாலையில் என் மைத்துனன் நடத்தும் விடுதியின் உப்புநீர் நீச்சல் குளம் சென்ற கோடையில் பச்சை பூத்துக் கிடந்தபோது, நான் இப்படித்தான் தர்க்கம் பேசினேன். "உப்பு போதவில்லை. இன்னும் இரண்டு மூட்டை கொட்டு" என்று தீர்ப்பும் சொன்னேன். அக்காள் புருஷன் பேச்சைத் தட்டக் கூடாதென்று அவனும் கொட்டினான்.

மறுநாள் காலை குளம் கோயில் தெப்பக்குளத்தோடு போட்டி போட்டது.

பத்து மணிக்கு என் கடைசிப் பெண், "அப்பா, மூச்சுப் பிடிக்கிறேன், எண்ணுங்க" என்று முங்கினாள். நாலடி ஆழந்தான். ஆனால் தலை தெரியவில்லை. சிவப்புச் சட்டை தெரியவில்லை. ஏழு என்றதும் வேஷ்டியோடு குதித்துவிட்டேன். அவள் பத்தடி தள்ளிப் படியோரம் எழுந்து, "ஏழோட நிறுத்திட்டீங்களே!" என்று சிணுங்கினாள். என் கை நடுக்கம் நிற்கச் சாயங்காலமாயிற்று.

குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டிய பிறகுதான் மைத்துனன் வாயைத் திறந்தான்.

"பாசியைக் கொல்வது உப்பு இல்லை, அத்தான். இதில் இருக்க வேண்டிய உப்பே லிட்டருக்கு 3, 4 கிராம்தான். கடலில் 35. அங்கேயே பாசி இல்லையா? உப்பு நீர் மின்சாரத் தகடுகளுக்கு நடுவே போகும்போது குளோரின் உண்டாகிறது. அதுதான் கொல்கிறது."

"இதை நேற்றே சொல்வதற்கென்ன?"

"நீங்கள் கேட்கவில்லையே!"

தகடுகளைக் கழற்றினால், வெந்நீர்த் தவலையின் அடிபோல வெள்ளைச் சுண்ணாம்பு. ஆழ்குழாய்க் கிணற்றின் உபயம். குளோரின் எங்கிருந்து வரும்? நீரின் பி.எச். அளவும் 8-ஐத் தாண்டியிருந்தது. 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருந்தால்தான் குளோரின் ஒழுங்காக வேலை செய்யுமாம்; ஏறினால் சோம்பேறியாகிவிடும்.

தகடுகளை நீர்த்த அமிலத்தில் கழுவினான். குளத்திலும் கொஞ்சம் அமிலம் விட்டான். அந்த வாளியை அப்புறப்படுத்திய பிறகே, வெகுநேரம் கழித்து, திரவக் குளோரினைத் தொட்டான். இரண்டும் கலந்தால் விஷவாயு கிளம்பும் என்று என்னை எட்டவே நிற்கச் சொன்னான். குளோரினை வெயில் தின்றுவிடும் என்பதால் பொழுது சாய்ந்துதான் ஊற்றினான். சுவர் தேய்க்கும் பிரஷ் என் கைக்கு வந்தது. உப்பு மூட்டைக்கு அபராதம் போலும்! மோட்டார் இரவு பகலாக ஓடிற்று.

இரண்டாம் நாள் பச்சை போய்ப் பால் நிறம். நான்காம் நாள் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டான். அடியில் பூவா தலையா என்று தெரிந்தது. குளோரின் அளவு இறங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான்.

"இப்ப எண்ணுங்கப்பா" என்றாள் பெண்.

இருபத்திரண்டு வரை எண்ணினேன், சிவப்புச் சட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.