மூடினாலும் தூங்காத லேப்டாப்

உபுண்டு போட்ட செகண்ட்ஹேண்ட் லேப்டாப்போடு கலைப்பீடத்தில் படிக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். நாம் போய் ஏதாவது கேட்டால் "உங்களுக்கு எதுக்கு லினக்ஸ், விண்டோஸையே போட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்பிடுவாங்க. விண்டோஸ் அந்த மெஷினில் மூச்சு வாங்குதுன்னுதானே இங்கே வந்தோம்!

என் பிரச்சினை இதுதான். பொல்பிட்டியவில் முழு சார்ஜோடு லேப்டாப்பை மூடி பையில் வைப்பேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ் சுற்றி பேராதனைக்கு வரும்போது பை சுடும். பட்டரி பாதிக்குக் கீழே போயிருக்கும். சில நாள் திறந்தால் ஸ்க்ரீன் வெறும் கறுப்பு. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் சேமிக்காததெல்லாம் போச்சு.

அதில் இருப்பது கொழுந்து பறிக்கும் அம்மாமாரின் பேட்டிகள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு நாலைஞ்சு மணி நேரம் ஆகுது. எங்கள் ஊரில் 1969இல் இருந்து நீர்மின் நிலையம் இருக்கு. ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் நாட்டுக்கே 13 மணி நேர மின்வெட்டு வந்தப்போ எங்களுக்கும் இருட்டுத்தான். பட்டரியோட அருமை எனக்கு அப்போதிருந்தே தெரியும்.

லேப்டாப்புக்கு இரண்டு வகைத் தூக்கம் இருக்கு. பழைய வகையில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைஞ்சிடும். இதற்கு எஸ்3 என்று பேர், லினக்ஸ் இதை 'டீப்' என்கிறது. புது வகை 'எஸ்2ஐடில்'. அதில் புரோகிராம்கள் உறைஞ்சு நிற்கும், புரொசசர் சும்மா இருக்கும், ஆனால் எதுவும் முழுசா அணையாது. கண்ணை மூடிட்டுப் படுத்திருக்கிற மாதிரி. போன் போல உடனே எழும்பணும் என்று விண்டோஸ் 8 காலத்தில், 2012 வாக்கில், கம்பெனிகள் இந்தப் பக்கம் திரும்பின. ஏதாவது ஒரு பாகம் அடங்காமல் இருந்தால் போதும், பை சுடும்.

உங்க மெஷின் எந்த வகை என்று லினக்ஸே சொல்லும். 'சிஸ்' கோப்புறைக்குள் 'பவர்', அதற்குள் 'மெம்_ஸ்லீப்' என்று ஒரு கோப்பு. டெர்மினலில் அதைத் திறந்தால் இரண்டு பேரும் தெரியும், இப்போது பாவிப்பில் இருப்பதைச் சுற்றி சதுர அடைப்புக்குறி இருக்கும். என்னுடையதில் அது எஸ்2ஐடிலைச் சுற்றி இருந்தது. ரூட் அனுமதியோடு அந்தக் கோப்பில் 'டீப்' என்று எழுதினால் அடுத்த தூக்கம் டீப்தான். ரீஸ்டார்ட் பண்ணினால் பழையபடி ஆகிடும், அதனால் பயமில்லாமல் சோதிக்கலாம். இரண்டு மூன்று தடவை மூடித் திறந்து பார்த்து, ஒழுங்காக எழும்பினால் மட்டும் கிரப் அமைப்பில் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்' என்பதற்கு 'டீப்' கொடுத்து நிரந்தரமாக்குங்க. எனக்கு இதுவே போதுமாக இருந்தது. இப்போ பேராதனையில் இறங்கும்போது பட்டரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கு.

கறுப்பு ஸ்க்ரீன் வேற கதை. உடனே பவர் பட்டனுக்குப் போகாதீங்க. முதலில் கேப்ஸ் லொக்கை அழுத்திப் பாருங்க. லைட் மாறினால் மெஷின் முழிச்சுத்தான் இருக்கு, படம்தான் வரவில்லை. போன் டோர்ச்சை ஸ்க்ரீனில் சாய்வாகப் பிடிங்க. மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்வெளிச்சம் மட்டும்தான் எழும்பவில்லை, பிரைட்னஸ் கீயைத் தட்டிப் பார்க்கலாம். ஒன்றுமே தெரியவில்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்க, எழுத்துத் திரை வரலாம். வந்தால் அதே மாதிரி எஃப்2 அழுத்தித் திரும்புங்க. பாதி எழுதின ஒரு பேட்டி எனக்கு இப்படித்தான் திரும்பக் கிடைச்சது. அந்த அம்மாவுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அவங்களிடம் போய் "அழிஞ்சு போச்சு, திரும்பச் சொல்லுங்க" என்று எப்படிக் கேட்பது?

எதுவும் சரிவராமல் அணைக்க வேண்டி வந்தால், மறுபடி போட்டதும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் முந்தைய ஓட்டத்தின் பதிவைப் பாருங்க. 'சஸ்பெண்ட் என்ட்ரி' என்ற வரி இருந்து 'சஸ்பெண்ட் எக்சிட்' இல்லையென்றால், தூங்கப் போன மெஷின் முழுசாக எழும்பவில்லை. கேர்னல் அப்டேட்டுக்குப் பிறகுதான் இது தொடங்கியது என்றால், கிரப் மெனுவில் பழைய கேர்னலைத் தேர்ந்து பாருங்க. உதவி கேட்கும்போது அந்த வரிகளோடு போங்க. "லேப்டாப் வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் பழைய பதில்தான் கிடைக்கும்.

சில மெஷின்களில் டீப் என்ற பேரே வராது, ஃபேர்ம்வேர் அதை விடாது. சில திங்க்பேட்களில் பயாஸுக்குள் தூக்க வகையை லினக்ஸுக்கு மாற்ற ஒரு தெரிவு இருக்கு, தேடிப் பாருங்க. இல்லையென்றால் பஸ் ஏறும் முன்னால் சேமித்துவிட்டு, முழுசா ஷட்டவுன் பண்ணிட்டு ஏறுங்க.