பால்கோவாவும் நாலு வயிறும்

மதுரையிலிருந்து ராஜபாளையம் பஸ் பிடித்தால், ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் கண்ணில் படுவது ஆண்டாள் ஊரின் பதினோரு நிலைக் கோபுரம். இரண்டாவது, பால்கோவா போர்டு. மூன்றாவதிலிருந்து முப்பதாவது வரைக்கும் அதேதான்!

2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பாலும் சர்க்கரையும்தான் உள்ளே. அப்புறம் எங்கிருந்து வருகிறது ருசி? "எங்க ஊர்த் தண்ணி சார்" என்றார் கடைக்காரர். செண்பகத்தோப்பு ரோட்டில் மாடு வைத்திருக்கும் அண்ணாச்சி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "மாடு என்னத்தத் திங்குதோ, அதுதான் சார் ருசி."

சொல்லிவிட்டு ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைத் திறந்தார். குப்பென்று புளித்த வாடை.

"என்ன அண்ணாச்சி, கெட்டுப் போச்சா?"

"சைலேஜ் சார். மாட்டுக்கு ஊறுகா!"

பச்சை மக்காச்சோளத் தட்டையைப் பொடியாக நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து அடைத்து, நாற்பத்தைந்து நாள் மூடி வைக்க வேண்டும். பாக்டீரியா அதிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் ஆக்கும். அமிலம் இருந்தால் அழுகாது. சித்திரை வெயிலில் புல் காய்ந்தபோது இந்த டிரம்தான் கைகொடுக்கும்.

"எல்லாம் சரி. நாரு மட்டும் மசிய மாட்டேங்கு. பாதி சாணியாப் போயிருது." போட்ட முதலைச் சாணிக் கணக்கில் எழுதுகிற வியாபாரம்! பி.காம். படித்த எனக்கே வயிறு எரிந்தது.

விஷயம் என்னவென்றால், நாரைச் செரிக்கும் சக்தி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது. நாலு அறை வயிற்றில் முதல் அறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அங்கே ஒரு மில்லி திரவத்தில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியா! அவற்றைப் பிடித்து டிரம்மில் விட்டால் என்ன? ஊறுகாய் ஜாடியில் தங்கமீன் விட்ட கதைதான். அமிலத்தில் பாவம், பிழைக்காது. அதனால்தான் நாரின் கட்டைத் தளர்த்தும் என்சைமைச் சுரக்கிற லாக்டிக் பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து, சைலேஜில் கலக்க வெளிநாட்டில் விற்கிறார்கள்.

நம்மவர்கள் வேறு வழியில் போனார்கள். பரேலி பக்கம் இஜத்நகரில் இருக்கும் இந்திய கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார், நீல்காய் (காய்கறி அல்ல சார், காட்டு மான்!) வயிற்றிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்து, வளர்த்து, எருமைக்கு நேராகவே கொடுத்துப் பார்த்தார்கள். நார் செரிப்பது கூடியது. 2004-ல் ஆய்வுக் கட்டுரையும் வந்துவிட்டது.

அண்ணாச்சி மேற்கே மலையைப் பார்த்தார். "எங்கய்யா காலத்துல மாடு அங்கதான் மேயும். முள்ளு, மூங்கில் இலை எல்லாம் தின்னுட்டு வரும். இந்தத் தட்டையெல்லாம் அதுக்குத் தூசி!" 2021-ல் மலை புலிகள் காப்பகமானது. 2022-ல் காப்பகங்களுக்குள் மாடு மேய்க்க உயர் நீதிமன்றம் தடை போட்டது. புலிக்கு நல்லது. அண்ணாச்சிக்குத் தீவனச் செலவு.

"மேல காட்டுமாடு நிக்குதுல்ல. அது சாணியை அள்ளியாந்து கலந்தா என்ன?"

பதறிப்போய்த் தடுத்தேன். சாணியோடு வியாதியும் இலவசமாக வருமே! ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதிப்பது ஆராய்ச்சிக்காரர்கள் வேலை.

"சரி, அவுக வரட்டும்" என்று மூடியை அழுத்தி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். "காத்துப் புகுந்தா பூஞ்சை புடிச்சுரும் சார். நீங்க சொன்ன நல்ல பூஞ்சை இல்ல, நாசமாப் போற பூஞ்சை!"