லயத்துக்குப் பின்னால் இருந்த நிலம்

கெடாவின் சுங்கை பட்டாணியில் இன்று தாமான் (குடியிருப்பு) வீடுகள் நிற்கும் பல இடங்கள் முன்பு பால் மரத் தோட்டங்கள். தோட்டத்தில் பிறந்த எங்கள் தலைமுறை கூடினால், "அப்போது எவ்வளவு எளிமையாக வாழ்ந்தோம்" என்ற பேச்சு வராமல் இராது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்கு ஓடி, மழை பெய்தால் கூலியை இழந்து, மளிகைக் கடைக் கடனிலேயே மாதத்தைத் தள்ளியது வறுமை. அதற்கு எளிமை என்று பெயர் சூட்டக் கூடாது. சுற்றியிருந்த பச்சையும் காடல்ல. 1877இல் சிங்கப்பூர் வந்திறங்கிய 22 ரப்பர் கன்றுகளின் வம்சம் பெருக, இருந்த காட்டை அழித்துப் போட்ட தோட்டம்.

ஆனால் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. அது பாட்டியின் ராஜ்யம். முருங்கை, மரவள்ளி, பொன்னாங்கண்ணி, வேலியில் அவரை, ஓரத்தில் கோழிக்கூடு. மாட்டுச் சாணம்தான் உரம். அங்கே காய்த்தது நாலு வீட்டுக்குப் போகும். யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை, கணக்கு வைத்ததுமில்லை. தோட்டத்துக் கணக்கர் கிராணியின் அதட்டல் எட்டாத இடமும் அது ஒன்றுதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, வேலையோடும் வீட்டோடும் அந்த மண்ணும் போயிற்று. எங்கள் பெயரில் பட்டா இல்லாத மண்.

சொந்த மண் இல்லாவிட்டாலும், வேண்டாம் என்று சொல்லும் துணிவு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தொண்டர் படையைத் திரட்டினார். வாங்கும் கூலியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே கொட்டுவதில்லை என்று தொழிலாளர்கள் முடிவெடுத்து மறியலில் நின்றார்கள். 1947இல் போலீஸ் தடியால் அடித்தது, உயிரும் போனது. எங்கள் மண்ணில் எளிய வாழ்வுக்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கள்ளோடு அடிமைப் புத்தியையும் உதறினார்கள்.

இன்று கடை மாறியிருக்கிறது. கார், கைப்பேசி, சோபா எல்லாம் தவணையில் வருகின்றன. சம்பளம் வந்த அன்றே பாதி கரைகிறது. கீரைக்கட்டைக்கூடக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். பக்கத்துப் பினாங்கில் 1969இல் தொடங்கிய பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர் எஸ். எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறையும் வரை இந்த வாங்கும் வெறியை எதிர்த்துப் பேசினார். அவருடைய சங்கம் வீட்டுத் தோட்டத்தையும் இயற்கை உரத்தையும் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தது. கேட்டவர்களில் செய்தவர்கள் குறைவு. தாமான் வீட்டில் மண் எங்கே இருக்கிறது?

மண் கோயிலில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளியில் இருக்கிறது. கெடாவின் ஆலய நிர்வாகங்களையும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்: புது மண்டபத்துக்கு நன்கொடைச் சீட்டு அச்சடிக்குமுன், வளாகத்தில் ஒரு மூலையைக் காய்கறி பயிரிட ஒதுக்குங்கள். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மண் கொத்தக் கற்றுத்தர அவர்களை இப்போதே அழையுங்கள்.